ஒரு பள்ளிக்கூடம் எப்போது ‘நம்ம பள்ளிக்கூடம்’ ஆகிறது?

காவிரி டெல்டாவில் எந்த அரசுப் பள்ளிக்குள் நுழைந்தாலும் சுவரில் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அறம் செய விரும்பு, கற்க கசடற, மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம். பாடப்புத்தகத்தைத் திறந்தால் தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று மூன்று வரி. திருவையாறு, அதிராம்பட்டினம், திருத்துறைப்பூண்டி என்று ஊர் மாறினாலும் வாசகம் மாறாது. ஆனால் இந்த மூன்று ஊரிலும் உள்ள பள்ளிக்கூடங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று யாராவது சொன்னால், பிள்ளையைச் சேர்க்க ஜூன் மாதம் அலைந்த எந்த அம்மாவும் சிரித்துவிடுவார். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றாலே இது என்ன மாதிரி இடம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

எதை வைத்துத் தெரிகிறது? என் கணக்கில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அங்கே எல்லாரும் செய்கிற சின்னச் சின்ன காரியங்களை வைத்துத்தான். யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்த மொழியில் திட்டுகிறார்கள், எந்த மொழியில் சாமி கும்பிடுகிறார்கள், சாப்பாட்டு வரிசையில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான். விழுமியம் என்று மேடையில் பேசுகிறோமே, அது நிஜத்தில் குடியிருப்பது இந்த மாதிரி இடங்களில். இன்னொன்றும் சொல்லவேண்டும். பகிர்ந்த மதிப்பீடு இருந்ததால் ஒரு பள்ளிச் சமூகம் உருவானது என்று பலர் எழுதுகிறார்கள். டெல்டாவின் கதையைப் பார்த்தால் அது தலைகீழ். முதலில் ஒரே தரையில் உட்கார வேண்டியிருந்தது, அப்புறம்தான் பகிர்ந்துகொள்ள ஏதாவது கிடைத்தது.

கூப்பிடுவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒன்றியப் பள்ளியில் ‘டீச்சர்’, ‘சார்’. கான்வென்ட்டில் ‘சிஸ்டர்’, ‘மதர்’. மெட்ரிக் பள்ளியில் ‘மிஸ்’, கொஞ்சம் புதுப் பள்ளி என்றால் ‘மேம்’. தமிழ்ப் பற்றுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்துவிட்டால் அவர் வகுப்பில் மட்டும் ‘ஐயா’, வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’. அடுத்த பீரியடில் அதே பிள்ளை ‘பிரசென்ட் சார்’ என்று எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் மாறிக்கொள்ளும். ஊரில் வயதானவர்கள் இன்னமும் ‘வாத்தியார்’ என்றுதான் சொல்கிறார்கள். இதில் எது உயர்ந்தது என்பது என் கேள்வி இல்லை. அந்தக் கூப்பிடும் முறைக்குள்ளேயே இந்தப் பள்ளி யாரைப் பெரியவராக நினைக்கிறது, எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறது என்பது அடங்கிவிடுகிறது. ஆசிரியர் பதிலுக்குப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். ‘வாடா தம்பி’ என்பதும் ‘ஏய் கடைசி பெஞ்சு’ என்பதும் ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது என்றால், யாருக்கு எது கிடைக்கிறது என்று கவனித்தாலே போதும்.

அடுத்தது காலைக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறளும் பொருளும், செய்தி வாசிப்பு, கடைசியில் நாட்டுப்பண். தமிழ்நாடு முழுக்க இதே வரிசைதான். ஆனால் டெல்டாவில் ஆடி மாதம் ஒரு பள்ளியின் செய்தி வாசிப்பைக் கேட்டால், உலகச் செய்தி, விளையாட்டுச் செய்தி முடிந்தபின் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை அடியில் வாசிப்பாள். 120 அடி முழு நீர்மட்டம் என்பது அங்கே நிற்கிற குட்டிப் பையனுக்குக்கூடத் தெரியும். ஜூன் 12-ல் அணை திறந்தார்களா இல்லையா என்பதுதான் வீட்டில் குறுவை நெல் சாகுபடி உண்டா இல்லையா என்பது. குறுவை இல்லையென்றால் புதுச் செருப்பும் இல்லை. எந்தப் பாடத்திட்டக் குழுவும் இதைச் சேர்க்கவில்லை. யாரோ ஓர் ஆசிரியர் ஒரு வருஷம் ஆரம்பித்திருப்பார், அப்படியே நின்றுவிட்டது. மழலையர் வகுப்பில் படிக்கிறவன் கைகட்டி நின்று அணை மட்டம் கேட்கிற பள்ளிக்கூடம் வேறு எங்கேயும் இருக்காது என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் இங்கே அது இயல்பு.

அந்தக் கூட்டத்தின் முதல் பாட்டுக்கே தஞ்சாவூர்த் தொடர்பு ஒன்று உண்டு. ‘நீராருங் கடலுடுத்த’ ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தின் வாழ்த்துப் பாட்டு. நாடகத்துக்குள் இருந்த அதை மேடை வாழ்த்தாகத் தொடர்ந்து பாடிப் பரப்பியதில் தஞ்சை கரந்தைத் தமிழ்ச் சங்கத்துக்குப் பெரிய பங்கு. 1911-ல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு உமாமகேசுவரம் பிள்ளை நெடுங்காலம் தலைவராக இருந்தார். சங்கம் பள்ளியும் கல்லூரியும் நடத்தியது, ‘தமிழ்ப்பொழில்’ என்று இதழ் போட்டது. அந்த வாழ்த்து 1970-ல் அரசு விழாக்களில் தொடக்கப் பாட்டு ஆனது, 2021-ல் மாநிலப் பாடல் என்று அறிவித்து எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும், 55 நொடியில் பாடவேண்டும் என்று ஆணை வந்தது. ஆக, ஓர் ஊர்ச் சங்கத்தின் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மாநிலத்தின் பழக்கமாகியிருக்கிறது. சிறுபிள்ளைகள் அதில் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல்தான் பாடுகிறார்கள், ‘தக்கசிறு பிறைநுதலும்’ என்ற இடத்தில் எல்லாப் பள்ளியிலும் ஒரு முணுமுணுப்பு வரும். பரவாயில்லை. பொருள் பத்தாம் வகுப்பில் வரும். ஒன்றாக நின்று ஒரே மூச்சில் பாடுகிற பழக்கம் ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது.

மொழியே ஒரு மதிப்பீடாக மாறிய காலமும் இங்கே உண்டு. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது திருவாரூரில் 14 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் சக பையன்களைத் திரட்டி ஊர்வலம் போனார், ‘மாணவநேசன்’ என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அவர்தான் பின்னால் ஐந்து முறை முதல்வரான மு. கருணாநிதி. அதே ஆண்டு ஆகஸ்டில் உறையூரிலிருந்து சென்னைக்கு நடந்தே போன இந்தி எதிர்ப்புப் படையில் மயிலாடுதுறை பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இருந்தார். இதை அரசியல் வரலாறாக மட்டும் படிக்கிறோம். பள்ளிக்கூடத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும்: பாட அட்டவணையில் ஒரு பீரியடுக்காக ஊரே தெருவுக்கு வந்தது என்றால், அதற்குள் பள்ளிக்கூடம் ஊருக்குச் சொந்தமான பொருளாக ஆகியிருக்கவேண்டும். சொந்தமில்லாத இடத்தின் அட்டவணைக்கு யார் சண்டை போடுவார்கள்?

ஆனால் எந்த ஊருக்குச் சொந்தம், ஊரில் எந்தத் தெருவுக்குச் சொந்தம்? இங்கேதான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

டெல்டா படிப்புக்குப் பெயர்போன மண், அதில் சந்தேகமில்லை. தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் தமிழ் கற்று, பள்ளி வைத்து, அச்சுக்கூடம் போட்டார். தஞ்சையில் இன்னொரு பாதிரியார் ஸ்வார்ட்ஸ் ஆங்கிலப் பள்ளி நடத்தினார். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் சாப்பாடும் போட்டுப் பல மொழிகளும் சொல்லிக்கொடுத்தார்கள். 1820-களில் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் தஞ்சாவூர் ஜில்லாவில் 884 பள்ளிகள் இருந்தன. திருவாவடுதுறை மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழ் ஆசிரியராகப் போனார், அங்கே இருந்தபோதுதான் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சில் கொண்டுவந்தார். அதே ஊர் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் படித்தார். இப்படிப் பட்டியல் போட்டுப் பெருமைப்படுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொழுதுபோக்கு.

பட்டியலில் வராதது என்னவென்றால், அந்த 884 பள்ளியிலும் பெண் பிள்ளைகள் சொற்பம், வயலில் வேலை செய்த பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பது. திண்ணைப் பள்ளி என்றால் அது யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை. அந்தத் திண்ணையில் யார் ஏறலாம் என்பதை வீட்டுக்காரரின் சாதி முடிவு செய்யும். மிஷன்காரர்கள் கதவைத் திறந்தார்கள்தான், ஆனால் தரங்கம்பாடித் தேவாலயத்திலேயே சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்த காலம் அது. அன்றைய பள்ளிகளுக்கு வலுவான அடையாளம் இருந்தது, மொழி இருந்தது, ஒழுக்கம் இருந்தது, மனப்பாடமாக ஆத்திசூடியும் எண்சுவடியும் இருந்தன. அந்த அடையாளத்தின் வேலைகளில் ஒன்று வேலி போடுவது. ‘அறம் செய விரும்பு’ என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே எருமை மேய்த்தவனும் தமிழ்தான் பேசினான். ஒரே மொழி பேசினால் ஒரே சமூகம் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகவே கூடாது.

வேலியைப் பிடுங்கியதில் சோற்றுக்குப் பங்கு அதிகம். 1956 வாக்கில் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு. காலை உணவை மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 2023 ஆகஸ்டில் விரிவாக்கியது நாகை மாவட்டம் திருக்குவளையில், கருணாநிதி படித்த ஒன்றியப் பள்ளியில் வைத்து. பசி ஆற்றியது, வருகை கூடியது, இதெல்லாம் எல்லாரும் சொல்வது. நான் பார்ப்பது தட்டை வைக்கிற வரிசையை. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று மூன்று தண்ணீர்க்குடம் வைத்திருந்த ஊரில் ஒரே அண்டாவிலிருந்து ஒரே கரண்டியில் எல்லார் தட்டிலும் சாம்பார் விழுகிறது. முட்டை உடைந்துபோனவன் அழுதால் பக்கத்தில் இருக்கிறவன் தன் முட்டையில் பாதியைப் பிய்த்து வைக்கிறான். சமத்துவம் என்று சுவரில் எழுதினதைவிட இது ஆழமாகப் பதியும். இதுவும் சும்மா நடந்துவிடவில்லை. சமைக்கிறவர் யார் என்று விசாரித்துவிட்டு ‘அங்கே சாப்பிடாதே’ என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிற வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. தென் மாவட்டங்களில் கையில் சாதிக் கயிறு கட்டிவரும் பழக்கம் அரிவாள் வெட்டு வரை போய், நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு 2024-ல் அறிக்கையும் வாங்கியாயிற்று. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. டெல்டாவில் கயிறு அவ்வளவாகக் கண்ணில் படாது என்று நாம் நிம்மதிப்படவேண்டாம், கயிறு இல்லாமலே தெரு தெரியும்.

சரி, மொழிக்குத் திரும்புவோம். எல்லாரும் தமிழ் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் வகுப்பறைக்குள் வருகிற வீட்டு மொழிகள் ஒன்றா? கும்பகோணம், தாராசுரம் பட்டு நெசவாளர் வீட்டில் சௌராஷ்டிரம், தஞ்சைக் கோட்டைப் பக்கம் சில வீடுகளில் மராத்தி, ஆங்காங்கே தெலுங்கு, உருது. கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினத்தில் பேசுவது தமிழ்தான், ஆனால் அரபு கலந்த தனி வாசனை. ‘வாப்பா’ என்று எழுதிய பிள்ளையின் கட்டுரையில் அதைச் சிவப்பு மையால் அடித்து ‘தந்தை’ என்று திருத்துகிற ஆசிரியரும் உண்டு, அப்படியே விட்டுவிடுகிறவரும் உண்டு. நாகைக் கடற்கரைப் பிள்ளைக்குக் கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றைத் திசை பிரித்துச் சொல்லத் தெரியும். இந்த அறிவுக்கெல்லாம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். 

கணக்கு வகுப்பில் இது நன்றாகத் தெரியும். புத்தகத்தில் ஹெக்டேர். வீட்டில் மா, குழி, வேலி. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. மன்னார்குடி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பரப்பளவு நடத்துவதற்கு முன், ‘உங்க அப்பா எத்தனை மா நடவு நட்டிருக்காரு?’ என்று கேட்டுத்தான் தொடங்குவார். சொந்த நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன சொல்லும் என்று எனக்கு உறுத்தியது. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் ‘உங்க அம்மா ஒரு நாளைக்கு எத்தனை மா நட்டு முடிப்பாங்க?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நிலக்காரர் வீட்டுப் பையனுக்குப் பதில் தெரியவில்லை. ஒரு கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டதில் அந்த வகுப்பின் மரியாதைக் கணக்கே மாறிவிட்டது. நல்லொழுக்க வகுப்பு வைத்து வாரம் ஒரு மணிநேரம் பேசினாலும் இது வராது.

விடுப்புக் கடிதத்தையும் பார்க்கலாம். ‘எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்’ என்று எழுதச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம், அதனால் தை மாதம் அறுப்பு சமயத்தில் பள்ளிக்கே காய்ச்சல் வரும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தவளும், நாகூர் தர்கா கண்டூரி விழாவுக்குப் போனவனும், வேளாங்கண்ணிக்கு நடந்தவனும் காய்ச்சல் என்றே எழுதுகிறார்கள். உண்மையே பேசு என்று சுவரில் எழுதியிருக்கும் பள்ளியில் உண்மையான காரணத்தை எழுதினால் என்ன நடக்கும் என்பதில்தான் அந்தப் பள்ளியின் குணம் தெரியும். ‘நடவுக்கு அம்மாகூடப் போனேன் டீச்சர்’ என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்ல முடிந்தால், அடுத்த வாரம் அவளை எப்படி வரவைப்பது என்றாவது டீச்சர் யோசிக்கலாம்.

இப்போது புதிதாக ஒரு வேலி முளைத்திருக்கிறது, அது வகுப்புப் பிரிவு. 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் வரத் தொடங்கின. தனியார் பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளை நிறுத்தி வைக்க அரசுக்கு வேறு வழி தெரியவில்லை, பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே கூரையின் கீழ் ‘ஏ’ பிரிவு இங்கிலீஷ் மீடியம், ‘பி’ பிரிவு தமிழ் மீடியம் என்று ஆனபின் என்ன நடக்கிறது என்றால், பல இடங்களில் கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் தானாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். ‘அவன் தமிழ் மீடியம்’ என்பதை ஒரு வசவு மாதிரியே சொல்கிறார்கள். இரண்டு பிரிவிலும் பாடம் நடத்துகிற மொழி உண்மையில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது வேறு விஷயம்: புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ், பதில் மனப்பாடம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் மெட்ரிக் பிள்ளைகளும் தமிழைப் பாடமாகப் படித்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது, அது நல்லதுதான். ஆனால் பாடமாக இருப்பது வேறு, அந்த இடத்தில் கௌரவமாக நடமாடுவது வேறு. தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளைப் பற்றி நிறையக் கேட்டாயிற்று. எனக்குத் தெரிந்த ஒரு தனியார் பள்ளியில் சுற்றறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், அம்மாக்கள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் காட்டிப் படிக்கச் சொல்வார்கள்; வேன் கட்டணம் பாக்கி என்றால் மட்டும் போன் போட்டு நல்ல தமிழில் சொல்லிவிடுவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் நான் விரும்பிப் பார்ப்பது கல்விச்சீர். கல்யாண வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோவதுபோல ஊர்க்காரர்கள் தாம்பாளத்தில் பழம், பூ, நோட்டு, பேனா, கூடவே மின்விசிறி, பீரோ, நாற்காலி, தண்ணீர் சுத்திகரிப்பான் என்று தூக்கிக்கொண்டு மேளதாளத்தோடு பள்ளிக்கு வருவார்கள். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் சில வருடங்களாக இது பரவியிருக்கிறது. ஆசிரியர்கள் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்கிறார்கள். அரசு கொடுக்கவேண்டிய மின்விசிறியை ஊர் ஏன் வாங்கித்தரவேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும், அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் நன்கொடை வசூல் ரசீதுக்கு வராத ஒரு உரிமை சீருக்கு வந்துவிடுகிறது. சீர் செய்தவன் வீட்டுக்கு வந்து நலம் விசாரிக்கலாம், குறை சொல்லலாம், கோபித்துக்கொள்ளலாம். அது நம் ஊர் வழக்கமே. அதே நேரம் ஊர்வலம் எந்தத் தெருவில் கிளம்பி எந்தத் தெரு வழியாக வருகிறது, காலனியிலிருந்து வந்த தாம்பாளம் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதையும் பார்த்துவிடவேண்டும். சில ஊர்களில் தலைமையாசிரியரே இதை யோசித்து, எல்லாத் தெருக்காரர்களும் பள்ளி வாசலில் கூடி அங்கிருந்து ஒன்றாக உள்ளே வரட்டும் என்று ஏற்பாடு செய்துவிடுகிறார். புத்திசாலிகள்.

சட்டப்படி இந்த உரிமைக்கு ஒரு இடம் இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் எப்படிப் போகிறது என்பது முழுக்க மொழியைப் பொறுத்தது. தலைமையாசிரியர் ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று அரசுத் தமிழில் சுற்றறிக்கையை வாசித்தால் அம்மாக்கள் தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். அவரே தாளை மடித்து வைத்துவிட்டு ‘சரிம்மா, கக்கூஸ்ல தண்ணி வரலைன்னீங்களே, அத சொல்லுங்க’ என்றால் போதும், அரைமணி நேரத்துக்கு யாரையும் நிறுத்த முடியாது. மோட்டார் போடுகிறவர் யார், சாவி யாரிடம், அந்தத் தெருப் பிள்ளைகளை மட்டும் ஏன் கூட்டச் சொல்கிறீர்கள் என்று எல்லாம் வந்துவிடும். கடைசிக் கேள்வி வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் தலைமையாசிரியர் வகுப்பு வாரியாகத் துப்புரவு முறை போடுகிறேன் என்பார், ஆசிரியர்களும் சேர்ந்துகொள்வார்கள் என்று ஒரு அம்மா எடுத்துக்கொடுப்பார், தீர்மானப் புத்தகத்தில் ‘ஏகமனதாக’ என்று எழுதுவார்கள். கையெழுத்துப் போட வரிசையில் நிற்கும்போது மோட்டார் சாவிப் பேச்சு மறுபடியும் ஆரம்பிக்கும்.